பணம் யாருடையது? கேள்வி யாருடையது?

(கொல்லிமலை செம்மேட்டில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



மலையில் மண்வெட்டி பிடிக்கிறவர்களுக்கும், கீழே ராசிபுரம், ஆத்தூர் பக்கம் சேகோ ஆலையிலும் நூல் மில்லிலும் பாடுபடுகிறவர்களுக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். கூலியைப் பேசுங்கள், ரேஷனைப் பேசுங்கள், பட்டாவைப் பேசுங்கள் என்று சொல்லலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறோம்.

இந்த மலையில் விளையும் குச்சிக்கிழங்கு எந்த ரகம்? அதற்கு நோய் வந்தால் என்ன மருந்து? சாமையை உரலில் இடித்தே தீர வேண்டுமா, அல்லது மிஷினில் உமி நீக்க முடியுமா? மில்லில் ஒரு தொழிலாளி எத்தனை கதிர் பார்க்க வேண்டும்? பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும்? இவை எல்லாமே யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உட்கார்ந்து விடை தேடுகிற கேள்விகள். அந்த விடை ஒருநாள் நம் வயலுக்கும் நம் மிஷினுக்கும் வந்து சேருகிறது. சில சமயம் சோறாக வருகிறது. சில சமயம் சுமையாக வருகிறது. ஆகையால் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவதும் கூலியைப் பற்றிப் பேசுவதே.

ஆராய்ச்சிப் பணம் எப்படி வருகிறது?

சர்க்கார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியருக்கு மாதச் சம்பளம் உண்டு. அது பொதுப்பணம். ஆனால் சம்பளம் மட்டும் இருந்தால் ஆராய்ச்சி நடக்காது. கருவி வேண்டும், ரசாயனம் வேண்டும், வயல் வேண்டும், வயலில் களை பறிக்க ஆள் வேண்டும், உதவிக்கு ஆராய்ச்சி மாணவர் வேண்டும், ஊர் ஊராகப் போய்வர வண்டிச் செலவு வேண்டும். இதற்குத் தனியாகப் பணம் தேட வேண்டும்.

பேராசிரியர் ஒரு விண்ணப்பம் எழுதுகிறார். இன்ன கேள்விக்கு விடை காணப் போகிறேன், இத்தனை லட்சம் வேண்டும், மூன்று வருஷம் ஆகும் என்று எழுதுகிறார். அது மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகாவுக்குப் போகலாம், விவசாய ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போகலாம், வெளிநாட்டு நிதி அமைப்புக்குப் போகலாம், கம்பெனிக்கும் போகலாம். பணம் தருகிறவருக்குக் கேள்வி பிடித்தால் பணம் வரும். பிடிக்காவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். மூன்று வருஷம் முடிந்ததும் செலவுக் கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவர் வேறு வேலை தேடிப் போவார். பேராசிரியர் மறுபடியும் விண்ணப்பம் எழுத உட்காருவார்.

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எந்தக் கேள்விக்குப் பணம் கிடைக்குமோ அந்தக் கேள்வியே எழுதப்படுகிறது. பணம் கிடைக்காத கேள்வி எழுதப்படாமலே போகிறது. இது விஞ்ஞானிகளின் கெட்ட குணம் அல்ல. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல உழைக்கிறவர்கள்தாம். ஏற்பாடு அப்படி இருக்கிறது. பணப்பை யார் கையில் இருக்கிறதோ, கேள்வியின் மூக்கணாங்கயிறும் அவர் கையில் இருக்கிறது.

இதை வெறும் வாதமாகச் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்த சங்கதிகளைக் கொண்டே காட்டுகிறோம்.

கத்தரிக்காயின் கதை

கோயம்புத்தூரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971ல் பல்கலைக்கழகமானது. அதற்கு வெகு காலம் முன்பே அங்கே விவசாயக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையங்களும் பொதுப்பணத்தில் நடந்து வந்தன. அங்கும் அதன் கிளைகளிலும் தேர்ந்தெடுத்த கத்தரி ரகங்கள் பல. மதுரை எம்.டி.யூ. 1 என்ற ரகம் கல்லம்பட்டி என்ற நாட்டு வகையிலிருந்து எடுத்தது. அதாவது, குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக விதை பிடித்து வைத்த கத்தரியை வாங்கி, பொதுப்பணத்தில் சீர்செய்து, மறுபடியும் குடியானவருக்கே கொடுத்தார்கள். நல்ல காரியம்.

2005ல் நடந்தது வேறு. அமெரிக்க சர்க்காரின் உதவி அமைப்பான யு.எஸ்.எய்டு பணம் கொடுக்க, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திய ஒரு திட்டத்தில் நமது வேளாண்மைப் பல்கலைக்கழகமும், கர்நாடகத்துத் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்தன. மகிகோ என்ற விதைக் கம்பெனியிடமிருந்து பி.டி. மரபணுவை வாங்கி நம் கத்தரி ரகங்களில் ஏற்றுவது வேலை. அந்தக் கம்பெனியில் அமெரிக்க மான்சாண்டோ கம்பெனிக்கு 26 சதவீதப் பங்கு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன ரகங்கள் நான்கு: கோ 2, எம்.டி.யூ. 1, கே.கே.எம். 1, பி.எல்.ஆர். 1.

ஏழைக் குடியானவருக்கு மலிவாக விதை கிடைக்கும் என்றே அந்தத் திட்டக்காரர்கள் சொன்னார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். காய்ப்புழு கத்தரிக்குப் பெரிய சத்துரு என்பதும், அதற்காக மருந்தடித்து மருந்தடித்து விவசாயத் தொழிலாளி நோயாளியாகிறான் என்பதும் உண்மை. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கத்தரி பயிரிடுகிறவர்களின் சங்கத்தைக் கூப்பிட்டுப் பல்கலைக்கழகம் பேசியதா? எந்த ரகம் யாருக்குச் சொந்தம், மரபணு யாருக்குச் சொந்தம், நாளைக்கு விதையின் விலையை யார் தீர்மானிப்பார்கள் என்பதைத் தமிழில் அச்சடித்து ஊருக்குக் கொடுத்தார்களா? பல்கலைக்கழகமும் கம்பெனியும் பேசிக்கொண்டன. விதையைக் காத்தவன் அந்த மேஜையில் இல்லை.

2009 அக்டோபரில் மத்திய ஒப்புதல் கமிட்டி மகிகோவின் பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அப்போது சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் ஜனங்களின் கருத்தைக் கேட்டார். 2010 பிப்ரவரி 9ல் தடை விதித்தார். உள்நாட்டுக் கத்தரி வகைகளைச் சட்டப்படி அனுமதி பெறாமல் எடுத்தார்கள் என்ற புகாரின்மேல் நடவடிக்கை எடுப்பதாக 2011ல் தேசியப் பல்லுயிர் ஆணையம் முடிவு செய்தது. பணம் கொடுத்த யு.எஸ்.எய்டு கதை என்ன ஆயிற்று? 2025ல் அமெரிக்க சர்க்கார் அந்த அமைப்பையே மூடிவிட்டது. வாஷிங்டனில் ஆட்சி மாறினால் பணம் நிற்கும். அந்தப் பணத்தில் ஆராய்ச்சி நடத்தினால் ஆராய்ச்சியும் நிற்கும்.

குளவியின் கதை

இனி இன்னொரு கதை. இது கிழங்குக் கதை. இந்த மலைக்கும் சேகோ ஆலைக்கும் நேராகச் சம்பந்தப்பட்டது.

2020ல் கேரளத்துத் திருச்சூரில் மரவள்ளியைத் தாக்கும் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அது தென் அமெரிக்காவைச் சேர்ந்த பூச்சி. வெகு சீக்கிரத்தில் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. குருத்து சுருண்டு, செடி குட்டையாகி, கிழங்கு சிறுத்துப் போயிற்று. கிழங்கு இல்லாவிட்டால் ஆலைக்கு அரவை இல்லை. அரவை இல்லாவிட்டால் தொழிலாளிக்கு வேலை இல்லை. மேட்டில் விழுந்த அடி பள்ளத்திலும் வலித்தது.

இதே பூச்சி 1970களில் ஆப்பிரிக்காவுக்குள் புகுந்து கோடிக்கணக்கான ஏழை ஜனங்களின் கிழங்கை அழித்தது. அப்போது சர்வதேச வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்த ஹான்ஸ் ஹெரன் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானியும் அவரது கூட்டாளிகளும், பூச்சி பிறந்த இடத்தில் அதன் சத்துருவும் இருக்கும் என்று தேடினார்கள். 1981ல் பராகுவே நாட்டில் ஒரு சின்னஞ்சிறு குளவி கிடைத்தது. எறும்பைவிடச் சிறிய குளவி. அது மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடுகிறது. ஆப்பிரிக்க வயல்களில் விட்டார்கள், பூச்சி அடங்கியது. ஹெரனுக்கு 1995ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நமக்கு அந்தக் குளவி எப்படி வந்தது? பெங்களூரில் மத்திய சர்க்காரின் விவசாயப் பூச்சி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது 2021ல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவியை வரவழைத்தது. வேறு நல்ல பூச்சிக்குக் கெடுதல் செய்யுமா என்று அடைத்து வைத்துச் சோதித்தது. 2022 மார்ச் 7ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில், முதன்முதலாக வயலில் விட்டார்கள். பிறகு மரவள்ளி விளையும் வட்டாரங்களுக்குக் கொண்டுபோனார்கள்.

இந்த வேலைக்கு ஒரு கம்பெனி பணம் கொடுத்திருக்குமா? கொடுக்காது. ஏன்? குளவியை ஒரு தடவை விட்டால் அது தானே பெருகித் தானே பரவும். பக்கத்து வயலுக்குப் போக அது சீட்டு வாங்காது. ஒவ்வொரு போகத்துக்கும் குடியானவன் கடைக்கு வந்து வாங்க வேண்டிய சரக்கு அல்ல அது. பூச்சிமருந்தில் லாபம் உண்டு. குளவியில் லாபம் இல்லை. லாபமில்லாத நல்ல காரியத்தைச் செய்யப் பொதுப்பணம்தான் வேண்டும். நமது வரிப்பணம், நமது பல்கலைக்கழகம், நமது ஆராய்ச்சி நிலையம் என்று நாம் உரிமை கொண்டாடுவதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

சாமையின் கதை

மூன்றாவது கதையை இங்கே இருக்கிற தாய்மார்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள். இந்த மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் ஒரு காலத்தில் எல்லா வீட்டுச் சோறும் ஆகும். 1970களுக்குப் பிறகு அந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு ஏறியது. கிழங்குக்கு ரொக்கம் வந்தது; சாமைக்கு வரவில்லை. அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. சாமையின் உமி லேசில் கழலாது. பகலெல்லாம் காட்டில் உழைத்துவிட்டு வந்த பெண், உரலில் போட்டு இடித்துப் புடைத்து மறுபடியும் இடித்துத்தான் சோறாக்க வேண்டும்.

நெல்லுக்கு ஊருக்கு ஊர் ரைஸ்மில் வந்தது. சாமைக்கு ஏன் வரவில்லை? மலைவாழ் பெண்ணின் தோள்வலி எந்தப் பணக்காரனுக்கும் கேள்வியாகத் தோன்றவில்லை. அதுதான் காரணம்.

பிற்காலத்தில் கேள்வி எழுந்தது. சென்னையிலிருக்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் சிறுதானிய விதைகளைக் காக்கும் வேலையில் இறங்கியது. 2001 முதல் ஐக்கிய நாடுகளின் விவசாய வளர்ச்சி நிதியின் பணம் வந்தது. மகளிர் குழுக்களின் கையில் சிறு மிஷின்கள் வந்தன. 2011 முதல் 2014 வரை கனடா சர்க்காரின் நிதியில், கனடாவின் பொதுப் பல்கலைக்கழகமான ஆல்பர்ட்டா பல்கலைக்கழகமும் சேர்ந்து இங்கே வேலை செய்தது. வெளிநாட்டுப் பணம் என்பதற்காக இதைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பெண்களின் கைவேலை குறைந்ததா, விதை ஊரிலேயே தங்கியதா என்பதே நமது அளவுகோல்.

ஆனால் நாம் கேட்க வேண்டியது இது. திட்டத்துக்குத் தேதி உண்டு. பசிக்குத் தேதி உண்டா? 2014ல் திட்டம் முடிகிறது. 2015லும் சாமை விளைகிறது. மிஷினின் பெல்ட் அறுந்தால் கனடாவுக்கா எழுதுவது? தொடர்ந்து நடக்க வேண்டிய காரியத்தைத் தொடர்ந்து வரும் பணத்தில் செய்ய வேண்டும். அது நம் சர்க்காரின் கடமை. 2019ல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.டி.எல். 1 என்ற சாமை ரகத்தை வெளியிட்டது. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மையத்தில் பிறந்த ரகம் அது. இந்த மாதிரி வேலை வருஷந்தோறும் நடக்க வேண்டும். யாரோ மனம் வைத்தால் மட்டும் நடப்பதாக இருக்கக் கூடாது.

மில் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை

கோவையில் 1956ல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் ஆரம்பித்தார்கள். மில் முதலாளிகளின் சந்தாவும் மத்திய சர்க்காரின் உதவியும் அதற்கு உண்டு. நூறு கிலோ நூல் நூற்க எத்தனை ஆள்-மணி ஆகிறது என்று அளந்து, இவ்வளவுதான் ஆக வேண்டும் என்று அது நெறி வகுத்தது. முதலாளிக்கு அந்தக் கணக்குத் தேவை. பணம் கொடுத்தார், கேள்வி கேட்டார், விடை கிடைத்தது.

அதே மில்லில் பஞ்சுத் தூசி தொழிலாளியின் நுரையீரலை என்ன செய்கிறது என்ற கேள்வியைப் பெரும்பாலும் யார் கேட்டார்கள்? அகமதாபாத்தில் மத்திய சர்க்காரின் தொழில்சார் உடல்நல ஆராய்ச்சி நிலையம் கேட்டது. பொதுப்பணத்தில் கேட்டது. பிஸினோசிஸ் என்று டாக்டர்கள் சொல்லும் அந்தத் தூசி நோய், நஷ்டஈடு கொடுக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சட்டப்படி இடம் பெற்றிருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை பேருக்கு நஷ்டஈடு கிடைத்தது? ஆள்-மணிக் கணக்கு மில்லுக்குள் ஒரே வாரத்தில் வந்துவிடுகிறது. தூசிக் கணக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இன்றைய பணக் கணக்கு

நாடு உற்பத்தி செய்யும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஆராய்ச்சிக்குப் போவது 64 காசு. இது சர்க்காரே கொடுத்த 2020-21ம் வருஷக் கணக்கு. சீனாவில் இரண்டு ரூபாய்க்கு மேல். தென் கொரியாவில் நாலு ரூபாய்க்கு மேல். நம் நாட்டின் ஆராய்ச்சிச் செலவை நூறு ரூபாய் என்று வைத்தால், பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் செலவழிப்பது ஒன்பது ரூபாய்கூட இல்லை.

2023ல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை உண்டாக்கியது. ஐந்து வருஷத்தில் 50,000 கோடி ரூபாய் என்று பறை அறைந்தார்கள். உள்ளே பார்த்தால் மத்திய சர்க்கார் தருவது 14,000 கோடி. பாக்கி 36,000 கோடி கம்பெனிகளிடமிருந்தும் தருமப் பிரபுக்களிடமிருந்தும் மற்றவர்களிடமிருந்தும் வர வேண்டுமாம். 2025 ஜூலையில் இன்னொரு திட்டம்: ஒரு லட்சம் கோடி ரூபாய். யாருக்கு? தனியார் ஆராய்ச்சிக்கு, குறைந்த வட்டியிலும் வட்டியில்லாமலும் நீண்ட காலக் கடன்! மறுபக்கம், 1857ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வரிப் பாக்கி என்று 2024 பிப்ரவரியில் வருமானவரி இலாகா முடக்கியது. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் திண்டாடும் பல்கலைக்கழகம் எந்தக் கம்பெனியின் வாசலில் நிற்கும், எந்த நிபந்தனைக்குத் தலையாட்டும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. பட்டினியில் கிடப்பவன் கூலி பேரம் பேச முடியாது என்பது நமக்குத் தெரியாததா?

நாம் கேட்பது என்ன?

ஒன்று: மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கு நிலையான பொதுப்பணம் வேண்டும். குளவியும் சாமையும் தூசி நோயும் கம்பெனியின் தயவில் நிற்கக் கூடாது.

இரண்டு: பல்கலைக்கழகம் கம்பெனியோடும் வெளிநாட்டு அமைப்போடும் செய்கிற ஒவ்வோர் ஒப்பந்தமும் தமிழில் வெளியிடப்பட வேண்டும். எவ்வளவு பணம், என்ன நிபந்தனை, பலன் யாருக்குச் சொந்தம் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

மூன்று: மலையில் ஆராய்ச்சி செய்ய வருகிறவர் முதலில் கிராமசபையில் வந்து சொல்ல வேண்டும். முடிந்த பிறகு என்ன கண்டார் என்பதையும் வந்து சொல்ல வேண்டும். விதையும் மூலிகையும் நம்முடையது, அறிவும் நம்முடையது, அறிக்கை மட்டும் இங்கிலீஷில் வேறு ஊரில் இருந்தால் எப்படி?

நான்கு: எந்தக் கேள்விக்குப் பணம் என்று தீர்மானிக்கும் கமிட்டிகளில் விவசாயத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், மலைவாழ் மக்கள் சங்கங்களின் பிரதிநிதிகள் உட்கார வேண்டும்.

ஐந்து: ஆராய்ச்சிப் பண்ணையில் களை பறிக்கும் தினக்கூலிக்கும், உதவித்தொகையில் உழைக்கும் ஆராய்ச்சி மாணவருக்கும் காலத்தில் பணம் கிடைக்க வேண்டும். அவர்களும் நம் வர்க்கமே.

இவை ஆகாத காரியங்கள் அல்ல. 2002ம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் கமிட்டி இருக்க வேண்டும். ஊரின் விதை, செடி, அறிவு எல்லாவற்றுக்கும் மக்கள் பதிவேடு இருக்க வேண்டும். 2005ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் பல்கலைக்கழகத்திடம் கணக்குக் கேட்கலாம். ஆயுதம் கையில் இருக்கிறது, எடுப்பதுதான் பாக்கி.

ஆகவே தோழர்களே, ஒரு வேலை கொடுத்து முடிக்கிறோம். மே 1ந் தேதி கிராமசபை கூடும். மேலே இருப்பவர்கள் உங்கள் பஞ்சாயத்தின் பல்லுயிர்ப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் சாமை ரகங்களின் பெயர் இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள். கீழே மில்லில் இருப்பவர்கள் தூசியை எப்போது அளந்தார்கள், அளவு என்ன என்று சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள். விடை வருகிற வரையில் கேளுங்கள். இத்தனை காலம் பணம் வைத்திருந்தவர் கேள்வி கேட்டார். இனிமேல் பாடுபடுகிறவரும் கேட்கட்டும்.